ஏழரை கெல்வின்

சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணியின் மேல் நின்றுகொண்டு அறிவியல் முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. போட்டிருந்தாலும் நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பேன். பரீட்சைக்கு வராது என்று நினைப்பதைப் படிக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

அது நடந்து ஏறக்குறைய பத்து வருடம் ஆகிறது. தை மாதம். மலைமேல் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் என் அக்கா வீட்டுத் தோட்டத்தில் மிளகுப் பறிப்பு. நான் கீழே நகரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாலும் மிளகுப் பறிப்புக்கு லீவு போட்டுக்கொண்டு மலை ஏறிவிடுவேன். உதவி செய்ய என்று சொல்லிக்கொள்வேன். நான் வந்தால் ஒரு ஆள் வேலை கூடுகிறது என்று அக்கா சொல்வாள்.

என் வேலை உலோகங்களை உருக்கிச் சேர்ப்பது. இரண்டு மூன்று உலோகங்களைக் கணக்காக எடை போட்டு, காற்றில்லாத உலையில் மின்பொறியால் உருக்கினால், சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு சின்ன உருண்டை கிடைக்கும். நாங்கள் அதைப் பட்டன் என்றே சொல்வோம். அது சாம்பாரில் காய் கிடக்கிற மாதிரியான கலவை அல்ல. அணுக்கள் வரிசைமுறையோடு உட்கார்ந்து, சேர்ந்த எந்த உலோகத்தின் குணமும் இல்லாத புதுப் பொருளாகிவிடும். அப்படிப்பட்ட பொருள்களில் சில, திரவ ஹீலியத்தால் மிகமிகக் குளிர வைத்தால், மின்சாரத்தைத் துளியும் தடுக்காமல் விட்டுவிடும். காந்தப்புலத்தை உள்ளே சேர்க்காமல் வெளியே தள்ளும். அளந்து வரைகிற படத்தில் அது ஒரு இறக்கமாகத் தெரியும். மீக்கடத்தி என்பது அதுதான். பெரும்பாலானவை எவ்வளவு குளிர வைத்தாலும் அசையாது. ஆனால் ஒன்றே ஒன்று அகப்பட்டுவிட்டால் ஒரு குடும்பமே அகப்பட்ட மாதிரி. அதில் இருக்கும் ஒரு உலோகத்துக்குப் பதிலாக அதன் பங்காளி உலோகத்தைப் போட்டால் இன்னொரு மீக்கடத்தி, வேறொரு பங்காளியைப் போட்டால் மற்றொன்று. கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பாவை அடையாளம் கண்டுவிட்டால் மீதிச் சித்தப்பாக்களை மூக்கை வைத்தே கண்டுபிடிக்கிறோமே, அந்த மாதிரி. அந்த முதல் சித்தப்பாவைத் தேடித்தான் உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் பட்டன் செய்துகொண்டிருக்கிறோம்.

எங்கள் கூடத்தில் உலை அவர் கையில் இருந்தது. அவர் என்று நான் சொல்வது என்னோடு வேலை பார்த்த அம்மையாரை. அடிவாரத்தில் மஞ்சளும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போடுகிற விவசாயி வீட்டுப் பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். முனைவர் பட்டம் வாங்கிப் பல வருடம் ஆகியும் தற்காலிக வேலையிலேயே இருந்தார். நிரந்தர இடம் ஒன்று வரப்போகிறது, நேர்காணல் வைப்பார்கள் என்று பேச்சு. அதற்குள் தன் பெயரில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்று வேண்டும் என்பது அவருக்கு இருந்த ஒரே அவசரம். மற்ற எதிலும் அவசரப்பட மாட்டார். ஒரு பட்டனை நான் இரண்டு தடவை திருப்பிப் போட்டு உருக்கினால் அவர் ஆறு தடவை உருக்குவார். எடையை மூன்று தடவை குறிப்பார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரைத்தான் நான் பின்னால் கெடுத்தேன்.

எனக்கும் ஒரு பெயர் இருந்தது. ஈயம். அதற்கு முந்தைய வருடம் ஒரு பட்டனில் மீக்கடத்தி அகப்பட்டுவிட்டது என்று நான் குதித்து, துறை முழுக்க ஜாங்கிரி கொடுத்து, தலைவரைக் கட்டிப்பிடித்து, சாயங்காலத்துக்குள் வீட்டுக்கும் போன் போட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால், கம்பி பற்றவைக்கிற ஈயத்தில் ஒரு துணுக்கு பட்டனில் ஒட்டிக்கொண்டிருந்தது. காரீயம் ஏழு கெல்வினுக்குக் கொஞ்சம் மேலே மீக்கடத்தி ஆகும் என்பது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் என் அறைக் கதவில் யாரோ ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார்கள்: 'இங்கு பாத்திரங்களுக்கு ஈயம் பூசித் தரப்படும்.' சின்ன எழுத்தில், 'ஜாங்கிரி இலவசம்.' நான்தான் முதலில் சிரித்தேன். அட்டையைக் கழற்றாமல் ஒரு மாதம் வைத்திருந்தேன். தைரியசாலி என்று எல்லாரும் நினைத்தார்கள். உள்ளுக்குள் என்ன ஆயிற்று என்பது அந்தத் தை மாதம்தான் எனக்கே தெரிந்தது.

அக்கா வீட்டில் அப்போது சிக்னல் கிடையாது. தோட்டத்து மேல்கோடி மரத்தில், மிளகுக்கொடி முடிகிற உயரத்துக்கு ஏறினால் மட்டும் இரண்டு கோடு காட்டும். மத்தியானம் நான் சரம் பறிக்கிறேன் பேர்வழி என்று அங்கே ஏறியதும் போன் அடித்தது. அவர்தான்.

"ஏனுங்க சார், உங்களைப் புடிக்கறதுக்குள்ள ஹீலியமே ஆவியாப் போயிரும் போல. எங்க இருக்கீங்க?"

"மரத்து மேலங்க அம்மிணி."

"பொருத்தமான இடந்தானுங்க. சார், அந்தக் கடைசிப் பட்டன்ல ஒரு இறக்கம் தெரியுது. சின்னதுதான். நூத்துல ஒரு பங்குகூட இருக்காதுங்க. ஆனா இறங்குது."

"எத்தனை கெல்வின்ல?"

"ஏழரை."

ஏணி ஆடியது. அதை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள், ஆகவே ஆடியது நான்தான். தமிழில் ஏழரை என்ற எண்ணுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். சனி பகவான் ஹீலியத்துக்குள் இறங்கி என்னைத் தேடி வந்துவிட்டார் என்று தோன்றியது. ஏழுக்குக் கொஞ்சம் மேலே என்றால் காரீயம். மறுபடியும் ஈயம். மறுபடியும் அட்டை. இந்தத் தடவை அட்டையோடு மாலையும் போடுவார்கள்.

"ஈயமா இருக்கும்ங்க," என்றேன்.

"இல்லீங்க சார். நானும் அதைத்தான் முதல்ல நெனச்சேன். ஒரு துண்டு ஈயத்தைத் தனியா வச்சும் அளந்து பாத்துட்டேன். அது ஏழே காலுக்குக் கீழதான் இறங்குது. இது மேல இறங்குது. பட்டனோட ஓரத்துல வேற என்னமோ ஒன்னு உண்டாயிருக்குங்க. நாம கலந்த விகிதம் இல்லாம வேற விகிதத்துல. அது என்னன்னு புடிச்சிட்டா..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அதுதான் முதல் சித்தப்பா.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டனைப் பற்றிய கட்டுரையை அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரு கருத்தரங்குக்கு. கட்டுரையில் மூத்த பெயர் என்னுடையது. என்னைக் கேட்காமல் அவர் ஒரு காற்புள்ளிகூட மாற்ற மாட்டார். அவர் நிதானமாகச் சொன்னார்:

"ரெண்டு வழி இருக்குங்க சார். இன்னொரு தடவை ரீடிங் எடுத்துட்டு, அவங்ககிட்ட ஒரு வாரம் டைம் கேட்டு, இறக்கத்தோட அனுப்பலாம். இல்லாட்டி அந்தப் படத்தை எடுத்துட்டு, மீக்கடத்தல் ஒன்னும் தெரியலைன்னு எழுதி இன்னைக்கே அனுப்பலாம். நீங்க சொல்றதுதான். என்ன பண்ணட்டும்?"

என் கழுத்தில் முசுறு எறும்பு ஒன்று ஏறியிருந்தது. அதைச் சாக்காகச் சொல்லலாம் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எறும்பு கடித்தது உண்மை. ஆனால் எறும்பு கடிப்பதற்கு முன்பே எனக்கு வியர்த்திருந்தது. நான் கண்ணை மூடினேன், அட்டை தெரிந்தது, திறந்தேன், பள்ளம் தெரிந்தது.

"எடுத்துருங்க," என்றேன்.

இரண்டு கோடும் போய்விட்டன. போன் செத்துவிட்டது.

கீழே இறங்கினேன். அக்கா சாக்கு விரித்து மிளகுச் சரங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், கூடை பின்னிக்கொண்டிருந்தார்.

"என்னடா சாமி, மூஞ்சி சுண்ணாம்பாட்டம் இருக்குது?" என்றாள்.

"ஒன்னுமில்லக்கா. ஒரு பட்டன்ல பூச்சி விழுந்த மாதிரி ஒன்னு இருந்துச்சாம். அதைத் தூக்கிப் போடச் சொல்லிட்டேன்."

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காம எப்படிடா பூச்சின்னு சொன்னே?"

மாமா கூடையிலிருந்து தலையைத் தூக்காமல், "படிச்சவன், தெரியும்," என்றார்.

அக்கா கொண்டுவந்திருந்த அவித்த கிழங்கில் மேலும் ஒன்றை எடுத்துத் தின்றேன். மூன்றாவது. பயந்தால் எனக்குப் பசிக்கும்.

கட்டுரை ஐந்து மணிக்குள் போனது. 'மீக்கடத்தல் எதுவும் காணப்படவில்லை' என்று ஒரு வரி. நான் திரும்பிப் போன பிறகு, இரண்டாம் தடவை அளக்கலாமா என்று அவர் ஒருமுறை கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நான் வேறு பட்டனுக்குப் போனேன்.

இரண்டு வருடம் கழித்து வெளிநாட்டில் ஒரு குழு அந்தக் குடும்பத்தை அறிவித்தது. அதே மூன்று உலோகங்கள். எங்கள் பட்டனின் ஓரத்தில் தானாக உண்டான விகிதத்தை அவர்கள் வேண்டுமென்றே கலந்து, முழுப் பட்டனையும் அதாகவே செய்திருந்தார்கள். முதல் படத்திலேயே ஏழரையில் ஒரு இறக்கம். எங்களுடையது கம்பளிப்பூச்சி ஊர்ந்த தடம் போல இருந்தது. அவர்களுடையது பாறையிலிருந்து விழுந்த மாதிரி நேர்க்கோடு. அடுத்த பக்கத்தில் பங்காளி உலோகங்களைப் போட்டு இன்னும் ஐந்து. நான் அந்தக் கட்டுரையை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று பயம்.

அன்று மதியம் துறைத் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டார். நம்மிடம் இதே பட்டன் இருந்ததே, எப்படித் தவறியது என்று கேட்டார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மையார் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார், மடியில் அந்த ரீடிங் குறித்த பழைய நோட்டுப் புத்தகத்தோடு. எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. ஒருவன் 'ஈயம்' என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அப்போது என் வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது. அதற்கு அந்தத் திறமை உண்டு. மூளை ஓடிப் போய் ஒளிந்துகொள்ளும்போது அது கடையைத் திறந்து வியாபாரம் பார்க்கும்.

"சார், எல்லாம் தமிழால வந்த வினை," என்றேன். "நான் மரத்து மேல நின்னு 'எடுத்துருங்க'ன்னேன். ரீடிங்கை எடுங்கன்னு அர்த்தம். இவங்க படத்தை எடுத்துட்டாங்க."

அறை அதிர்ந்தது. தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மரம், ஏணி, எறும்பு எல்லாவற்றையும் சேர்த்து நான் நடித்துக் காட்டினேன். எறும்பாகவும் நடித்தேன். அம்மையார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கணக்கை மறுபடி கூட்டிப் பார்க்கிறவர் முகம் மாதிரி இருந்தது. நான் மீதியைச் சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னமோ. பிறகு கொஞ்சமாகச் சிரித்தார். நோட்டைத் திறக்கவே இல்லை.

அந்த வருடம் நேர்காணல் நடந்தது. மேலே இருப்பவர் சொல்வதை நீங்கள் சரியாகக் கேட்டுச் செய்வீர்களா என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். இடம் வேறொருவருக்குப் போனது. அந்தச் சிரிப்புதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் முடியாது. அவர் ஊர்ப்பக்கம் போய் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்ந்தார். அங்கே உலை கிடையாது. நான் ஏணிக் கதையைக் கருத்தரங்கு விருந்துகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு வருடம் ஏணி உயர்ந்தது. எறும்பும் பெருத்தது.

போன தை மாதம் அவரே போன் செய்தார். "ஏனுங்க சார், உங்க அக்கா ஊட்டுல மிளகு கிடைக்குங்களா? எங்க மாமியா மலை மிளகுதான் வேணும்ங்கறாங்க." வாங்க என்றேன். வளைவு வளைவாகப் பஸ்ஸில் வந்து, முகம் வெளுத்துப் போய் இறங்கினார். "உங்க மலைக்கு வர்றதுக்கு அந்த ஹீலியத்துக்குள்ளயே இறங்கிரலாம்ங்க," என்றார். அக்காவுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள்.

சாப்பிடும்போது மாமா கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் என்னமோ கண்டுபுடிக்கப் போயி கை தவறிப்போச்சாமா. என்னங்க அது?"

நான் சோற்றுக் கையோடு ஆரம்பித்துவிட்டேன். பழக்கம். அதே மரம் சன்னலுக்கு வெளியே தெரிகிறது, கதையில் வருகிற ஆளே எதிரில் உட்கார்ந்திருக்கிறார், இதைவிட நல்ல மேடை கிடைக்குமா. ஏணி, ஏழரை, எறும்பு. "நான் 'எடுத்துருங்க'ன்னேன், ரீடிங்கை. இவங்க..."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிறுத்தினாள்.

"இல்லியே. தூக்கிப் போடச் சொல்லிட்டேன்னுதானே எறங்கி வந்து சொன்னே. பூச்சி விழுந்த மாதிரின்னு. நான்கூடக் கேட்டேனே, பாக்காம எப்படிடா சொன்னேன்னு."

"ஆமா," என்றார் மாமா. "நானும் இருந்தேன்."

அவர்களுக்கு அது ஒரு சின்னத் திருத்தம். சாமைக்கு உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரி. அக்கா மறுபடி குழம்பு ஊற்ற ஆரம்பித்தாள்.

அம்மையார் கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தார். மெதுவாக, யாரிடமும் இல்லாமல் சொன்னார்:

"அப்ப நான் தப்பாக் கேக்கலீங்க."

நான் அக்காவிடம் மேலும் ஒரு கரண்டி சோறு கேட்டேன். மூன்றாவது.

மிளகைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு அவரோடு நடந்தேன். வழியில் அவரே பேசினார்.

"அன்னைக்கு மீட்டிங்ல நீங்க சொன்னதும், எனக்கே சந்தேகமாப் போச்சுங்க சார். நிஜமாவே ரீடிங்கைத்தான் சொன்னீங்களோ, நான்தான் அவசரப்பட்டு படத்தை எடுத்துட்டேனோன்னு. நேர்காணல்ல கேட்டப்பவும் பதில் வரலை. இன்னைக்கும் பசங்க ஏதாச்சும் கேட்டா ரெண்டு தடவை திருப்பிக் கேப்பேன். சரியாக் காதுல விழுந்துச்சான்னு."

"அம்மிணி, நான்..."

"ஜோக் அடிக்காதீங்க."

"அடிக்கலீங்க."

"அடிக்கப் போனீங்க." அது உண்மை. ஏழரைச் சனி ஏழரை வருடம்தானே, கணக்குப்படி எப்போதோ முடிந்திருக்க வேண்டுமே என்று நாக்கு நுனியில் வந்து நின்றது.

பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை சிரிக்காம சொல்லிருங்க சார். எனக்கில்ல, எனக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்குச் சிரிச்சவங்களுக்கு. வாரேனுங்க."

இப்போது அக்கா வீட்டு அடுப்படியிலேயே நாலு கோடு சிக்னல் வருகிறது. ஏணி வேண்டியதில்லை. ஆனாலும் அன்று சிரித்தவர்களுக்கு அந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. முதல் வரைவில் நாலு ஜோக் இருந்தன. அவற்றை எடுத்தேன். அடுத்ததில் இரண்டு, ஒன்று நன்றாகவே இருந்தது, அதையும் எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: இறக்கத்தை அவர்தான் கண்டார். ஈயம் இல்லை என்று அவர் சோதித்தும் சொன்னார். நான் பார்க்காமலே பயந்து, அந்தப் படத்தை நீக்கச் சொன்னேன். அவர் சரியாகக் கேட்டார், சரியாகச் செய்தார். கூட்டத்தில் நான் சொன்னது பொய்.

அன்று அறையில் இருந்தவர்களில் முகவரி கிடைத்த எல்லாருக்கும் அனுப்பினேன். அவருக்கும் ஒரு பிரதி. அவரிடமிருந்து பதில் இல்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. வந்தது ஒரே பதில், ஓய்வுபெற்றுவிட்ட துறைத் தலைவரிடமிருந்து: 'பிரமாதம். வழக்கம்போலக் கடைசியில் திருப்பம் வரும் என்று இரண்டு தடவை படித்தேன். ஜோக் எங்கே என்று பிடிபடவில்லை. கொஞ்சம் விளக்கவும்.'

இல்லீங்க சார், இதில் ஜோக் இல்லை என்று எழுதினேன். அதற்கும் அவர் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினார். மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.